நான்கடி

தூருக்கும் மதிலுக்கும் நடுவே
மூன்று விரற்கடை மிச்சம்.
அதில் ஓர் ஓணான் இருந்தது.
டேப்பை நீட்டியதும் போய்விட்டது.

நாகமலை புதுக்கோட்டை, மூன்றாவது குறுக்குத் தெரு.
கஜேந்திரன் சார் மதில் விரிசலில்
ஐந்து ரூபாய்க் காசைச் செருகிக் காட்டினார்.
அது அடுத்த வீட்டு வாளியில் போய் விழுந்தது.
"எவன் இத இங்க வச்சான்?"

வேரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வைத்தது நான்.
இரண்டாயிரத்து இரண்டு, ஐப்பசி, இரண்டாம் மழை.
அப்போது வீடு லூர்துசாமியுடையது,
பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.
நிழல் சீக்கிரம் வேண்டும் என்றார்.
சீக்கிரம் என்றால் வாகை.
நான்கடி தள்ளி வைத்தால் போதும் என்றேன்,
மண்வெட்டிக் காம்பால் அளந்து.
ஒன்றரை அடிக்குக் கீழே அங்கே சுக்கான் பாறை,
வேர் இறங்க முடியாமல் படுத்துத்தான் ஓடும் என்பது
முப்பத்தொரு வயதில் எனக்குத் தெரியாது.
தெரிந்ததுபோல் பேசத் தெரியும்.

இறக்க நான்கு நாள்.
சோணைமுத்து மேலே, அரிவாளோடு.
கயிற்றின் மறுமுனை கீழே என் கையில்.
ஒவ்வொரு கொப்பும் மாசிக் காற்றில்
நெற்றுகளைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே இறங்கியது,
ஏதோ எண்ணிக் கொடுப்பதுபோல.
வென்றவர் சூடுவது வாகை என்பார்கள்.
இங்கே வென்றது மதில்.

ஆரப்பாளையம் மரவாடி.
ஜமால் முகைதீன் அடிமரத்தை மேசையில் ஏற்றினார்.
வெளிறு நான்கு விரல், அப்புறம் வைரம்,
கருப்பட்டி நிறத்தில், வரி வரியாக.
"கதவுக்கே ஆகும்க்கா" என்று
சொல்லி முடிக்கவில்லை,
வாள் அலறியது. பொறி. பிறகு
மரவாடி முழுக்க அமைதி.

மூன்று பல் போயிருந்தது.
மரத்துக்குள் கட்டுக்கம்பி, இரண்டு சுற்று.
கன்று சாயாதிருக்க மூங்கிலோடு நான் சேர்த்துக் கட்டியது.
அடுத்த வருஷம் அவிழ்க்க வருகிறேன் என்று
சொல்லிவிட்டுப் போனது.
அடுத்த வருஷம் திருமங்கலத்தில் பெரிய வேலை,
கல்யாண மண்டபத்துக்குப் புல்தரை.

மரம் காத்திருக்கவில்லை.
தன்னை நெரித்ததை மெதுவாக விழுங்கிவிட்டது.
விழுங்கிய இடத்திலிருந்து
மேலும் கீழும் ஒரு முழத்துக்குக் கருநீலக் கறை.
லூர்துசாமி இருந்திருந்தால்
பலகையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பார்.

வாளுக்குக் காசு நான் கொடுத்தேன்.
"உங்க மேல என்னக்கா தப்பு?"
"முடிச்சப் பாருங்க. இடப்பக்கம் முறுக்குறது நான்தான்."
ஜமால் கம்பியை விரலால் தடவினார்.
ஒரு நூறு ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது நோட்டில் இரண்டு தேதி எழுதுகிறேன்:
நட்ட நாள், அவிழ்க்கும் நாள்.
கட்டுவது பழைய பனியன் துணியால், எட்டுப் போட்டு, தளர்வாக.
ஆனால் நோட்டு வாங்குவதற்கு முன்னால்
ஏழெட்டு வருஷம் இருக்கிறதே.
விளாச்சேரியில் ஒரு வேம்பு.
பெயர் மறந்துபோன டாக்டர் வீட்டில் புங்கம்,
வாசலுக்கு இரண்டு பக்கமும்.
பசுமலைப் பள்ளிக்கூடத்து மகிழம்.
தூக்கம் வராதபோது இப்படித்தான் எண்ணுகிறேன்,
பாதியில் ஒரு தெரு விட்டுப்போகும்.

கஜேந்திரன் சார் மறுபடி கூப்பிட்டார்.
வெயில் நேரே ஹாலுக்குள் வருகிறதாம்.
"மூணடியில வைக்கிற மாதிரி எதாச்சும்?"
பவழமல்லி வைக்கலாம், நிழலை எதிர்பார்க்காதீர்கள்.
நிழல்தான் வேண்டுமென்றால் பதினைந்தடி.
"அது கார் நிக்கிற எடமாச்சே."
ஆமாம் சார், என்றேன்.
அந்த முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் லீவு.
வண்டி டிக்கியில் கம்பி வெட்டும் குறடு இருக்கிறது.
வாட்ச்மேனிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.
மகிழம் மெதுவாக வளரும் ஜாதி.
இன்னும் நேரம் இருக்கலாம்.